வண்டிக் கழிவறைத் தொட்டி நாறாமல் இருக்க நீலத் திரவம் வேண்டாம், புளிப்பு போதும்

வண்டிக்குள் கழிவறை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தொட்டியில இன்னா ஊத்துறீங்க?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "எங்க கொண்டுபோய்க் கொட்டுறீங்க?" பாதிப் பேரிடம் இதற்குப் பதில் இருக்காது. ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டு செப்டிக் டேங்கா, பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிவறையா, சொந்தக் கொல்லையில் மரத்தடிக் குழியா? கொட்டும் இடம் முடிவானால் ஊற்றும் பொருள் தானாக முடிவாகிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலை) லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் அடித்து, மூலையில் திரை போட்டு ஒரு போர்ட்டபிள் கழிவறை வைத்திருக்கிறேன். மாமியாருக்குக் காலை மடக்கி உட்கார முடியாது. மனைவிக்கும் முட்டி ஆபரேஷன் ஆயிற்று. ஒவ்வொரு பங்க்கிலும் இறங்கி வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று தேடுவதைவிட இது மேல் என்று ஆரம்பித்தது. அம்மோனியா நெடியும் அழுகின முட்டை வாடையும் வேலை பார்த்த காலம் முழுக்க என் மூக்குக்குப் பழக்கம். அதனால் எந்த நாற்றம் எதனால் வருகிறது என்பதைச் சொல்லும் தகுதி கொஞ்சம் உண்டு.

பெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இது மேலும் கீழுமாக இரண்டு பாகம். மேலே உட்காரும் இடமும் ஃப்ளஷ் தண்ணீருக்கான டேங்கும், அதில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். கீழே கழிவுத் தொட்டி, பெரும்பாலும் 20 லிட்டர் அளவில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இழுத்துத் திறக்கிற ஒரு தட்டு வால்வு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். கீழ்த் தொட்டியை மட்டும் கழற்றி சூட்கேஸைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகலாம். வேனிலேயே பொருத்தி வருகிற கேசட் கழிவறையும் அடிப்படையில் இதேதான்.

இந்தத் தொட்டிக்கென்று வெளிநாடுகளில் ஒரு நீலத் திரவம் விற்கிறார்கள். பழைய ரகங்களில் முக்கியச் சரக்கு ஃபார்மால்டிஹைடு. அது எங்கள் தொழிலுக்குப் புதிதில்லை. வெள்ளைத் தோல் பதனிடுவதற்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். புரதத்தைப் பிடித்து இறுக்கிவிடும், கிருமி எதுவும் பிழைக்காது. மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அதை முதல் பிரிவில் சேர்த்தது. இப்போது வருகிற பல ரகங்களில் ஃபார்மால்டிஹைடு இல்லை, வேறு கிருமிநாசினி இருக்கிறது. எதுவானால் என்ன, தொட்டியில் கிருமியைக் கொல்கிற சரக்கு செப்டிக் டேங்கில் போயும் அதையேதான் செய்யும். செப்டிக் டேங்க் ஓடுவதே கிருமிகளால்தான். போதாக்குறைக்கு வேலூர்க் கடையில் கேட்டால் கிடைக்காது, வரவழைக்க வேண்டும், விலையும் கூட.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? பலரும் மலத்தைச் சொல்வார்கள். உண்மையில் பெரிய வில்லன் சிறுநீர். புதுச் சிறுநீரில் அவ்வளவு வாடை இருக்காது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகளின் யூரியேஸ் என்ற என்சைம் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அதுதான். பொதுவாக 10 டிகிரி சூடு ஏறினால் இந்த மாதிரி வேலையெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். இங்கிலாந்தில் இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் "நாலு நாள் தாங்கும்" என்று எழுதுவது அவர்கள் ஊர்க் குளிருக்கு. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரிக்கு மேல், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதைவிடக் கூடுதல். அதில் பாதிக்கு மேல் தாங்காது.

இரண்டாவது வாடை அழுகின முட்டை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றில்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் வருவது. நேரத்துக்குக் கொட்டிவிட்டால் இந்தச் சனியன் எட்டிப் பார்க்காது.

அதனால் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். தொட்டியை முதலிலிருந்தே புளிப்பாக வைத்துவிடுகிறேன். புளிப்பான தண்ணீரில் அம்மோனியா உப்பாக மாறி அங்கேயே தங்கிவிடும், மேலே கிளம்பாது. புளிப்பு இன்னும் கூடினால் யூரியாவை உடைக்கிற என்சைமே மந்தமாகிவிடும். வாசனை ஊற்றி நாற்றத்தை மறைக்கிற வேலையே வேண்டியதில்லை.

சிட்ரிக் ஆசிட் முறை

இதற்குச் சிறந்தது சிட்ரிக் ஆசிட். ஸ்குவாஷ், ஜாம் போடுகிறவர்கள் வாங்குகிற வெள்ளைத் தூள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். சின்னப் பாக்கெட்டாக வாங்கினால் விலை கூட. கெமிக்கல் கடையில் கிலோவாக வாங்கி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் கல்லாக இறுகிவிடும். உடைத்துப் போட்டுக்கொள்ளலாம், வீரியம் குறையாது.

கிளம்புவதற்கு முன், கழுவி வைத்த வெறும் தொட்டியில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சொம்பில் 60 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து அதில் சேருங்கள். வீட்டுக் குழம்புக் கரண்டியில் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொண்டால் பிறகு தராசு தேவையில்லை. தொட்டியைத் தூக்கி இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டினால் சுவரெல்லாம் நனையும். அந்த நனைப்பு முக்கியம், பிறகு கழுவும்போது எதுவும் ஒட்டிப் பிடிக்காது. சித்திரை வைகாசியில் 100 கிராம் வரை போடுகிறேன். தொட்டி பாதி நிறைந்ததும் இன்னும் 2 ஸ்பூன் கரைத்து ஃப்ளஷ்ஷோடு சேர்த்து உள்ளே விடுவேன். சிறுநீர் சேரச் சேரப் புளிப்பு குறைந்துகொண்டே வரும் என்பதால் இந்த இரண்டாவது தவணையை விட்டுவிடாதீர்கள்.

போதுமா என்று மூக்கை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. லேப் சாமான் விற்கும் கடையில் புளிப்பை அளக்கிற பிஎச் தாள் சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஒரு கீற்றைக் கிழித்து ஊதுபத்திக் குச்சியின் நுனியில் செருகி, வால்வைத் திறந்து லேசாகத் தொட்டு எடுங்கள். 4க்கும் 5க்கும் நடுவில் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். 6-ஐத் தாண்டினால் இன்னொரு ஸ்பூன். 8 காட்டினால் அம்மோனியா கிளம்பிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கொட்டுங்கள். டேனரியில் பிஎச் பார்க்காமல் எந்த டிரம்மையும் நிறுத்த விடமாட்டோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இதில் இன்னொரு லாபம் உண்டு. நம் பக்கத்து போர்த் தண்ணீர் கடினத் தண்ணீர். சிறுநீர் உப்பும் அதுவும் சேர்ந்தால் தொட்டி அடியில் காவி நிறத்தில் கல்லாகப் படியும். அந்தக் கல்லில்தான் பழைய வாடை குடியிருக்கும். சிட்ரிக் ஆசிட் போட்ட தொட்டியில் அது பிடிப்பதில்லை. ஏற்கனவே பிடித்திருந்தால் 5 லிட்டர் வெந்நீரில் (கை பொறுக்கிற சூடு போதும், கொதிநீர் வேண்டாம்) 200 கிராம் கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கரைந்து வரும்.

செப்டிக் டேங்குக்கு இதனால் கெடுதல் வராதா என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான லிட்டர் கிடக்கிற இடத்தில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் ஒரு பொருட்டே இல்லை. அங்குள்ள கிருமிகள் அதைத் தின்று தீர்த்துவிடும்.

தண்ணீர்தான் நம் ஊர்ப் பிரச்சினை

வெளிநாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாத இடம் இதுதான். அவர்கள் காகிதம் பயன்படுத்துகிறார்கள். அந்தக் காகிதம் கரைய வேண்டும் என்பதே அவர்களுடைய பெரிய கவலை. நாம் கால் கழுவத் தண்ணீர் எடுக்கிறோம். ஒரு மக்கு என்பது ஒரு லிட்டருக்குக் குறையாது, சிலருக்கு இரண்டு மக்கு இல்லாமல் திருப்தி வராது. வளர்ந்தவர் ஒருவருக்குச் சிறுநீரே ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் வரும். நான்கு பேர் போனால் 20 லிட்டர் தொட்டி காலையில் வைத்தது மாலைக்குள் நிரம்பிவிடும். பிறகு எந்த மருந்து ஊற்றி என்ன பயன்?

ஹேண்ட் ஷவர் மாட்டினாலும் இதே கதைதான், அழுத்தம் அதிகம். நான் வைத்திருப்பது நுனியில் மூக்கு நீண்ட அழுத்துப் புட்டி. தையல் மெஷினுக்கு ஆயில் விடுகிறவர்கள் வைத்திருப்பதுபோல மெல்லிசாகப் பீய்ச்சும், புதிதாக வாங்கியது. கால் லிட்டரில் சுத்தமாகக் கழுவிவிடலாம். மாமியார் முதலில் முகம் சுளித்தார். "இத்தினியூண்டு தண்ணியில இன்னா ஆவும் மாப்பிள்ளை?" என்றார். இப்போது அந்தப் புட்டியை வீட்டுக்கும் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். ஒரு விஷயம், நீர்ச் சிக்கனம் என்று சொல்லிக் குடிக்கிற தண்ணீரைக் குறைக்காதீர்கள். பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுவார்கள். உடம்புக்கும் கேடு, அடர்த்தியான சிறுநீரால் தொட்டிக்கும் கூடுதல் நாற்றம்.

மேல் டேங்கில் ஊற்றும் ஃப்ளஷ் தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரைப் பயன்படுத்தலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம், உப்பெல்லாம் சேர்ந்து வெளியே வருவது அதில்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிடையாது. கோடையில் ஒரு ராத்திரிக்கு எங்கள் வீட்டு ஏ.சி. தருவதே ஃப்ளஷ்ஷுக்குப் போதும். துணிக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனரில் அரை ஸ்பூன் அதில் கலந்தால் கிண்ணத்தில் ஒரு வழுவழுப்பு வந்து எதுவும் ஒட்டாமல் இறங்கும். அதற்கென்று தனியாக விற்கிற ரோஸ் கலர் திரவம் தேவையில்லை.

மற்ற வீட்டுச் சாமான்கள்

வெள்ளை வினிகர்: வேலை செய்கிறது. 5 சதவீத அமிலம்தான் என்பதால் நிறைய ஊற்ற வேண்டும், வெயிலில் ஆவியாகவும் செய்யும். "ஊறுகாய் ஜாடிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்குதுங்க" என்று மனைவி சொன்ன பிறகு நிறுத்திவிட்டேன். சிட்ரிக் ஆசிட் கிடைக்காத ஊரில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழத்தோல் கரைசல், எல்லோரும் பயோ என்சைம் என்கிறார்களே, அது நல்ல சரக்கு. ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோலைச் சும்மாவே கொடுப்பார்கள். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, பிளாஸ்டிக் கேனில் கால் பாகம் காலியாக விட்டு 3 மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடவேண்டும், இல்லையென்றால் கேன் உப்பி வெடிக்கும். கண்ணாடிப் புட்டியில் போடவே போடாதீர்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினால்தான் சக்கை போய் வால்வில் சிக்காது. தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றலாம். பெயர்தான் என்சைம், இதில் வேலை செய்வது பெரும்பாலும் புளிப்புதான் என்பது என் கருத்து. பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள், 4-க்குக் கீழே நிற்கும். செப்டிக் டேங்குக்கும் கொல்லைக் குழிக்கும் நல்லது, மணமும் இதமாக இருக்கும்.

இ.எம். (திறன்மிகு நுண்ணுயிர்) கரைசல், விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். ஜப்பானில் டெருவோ ஹிகா என்ற பேராசிரியர் உருவாக்கியது. லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட் எல்லாம் கலந்தது. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ வெல்லமும் 20 லிட்டர் குளோரின் இல்லாத தண்ணீரும் சேர்த்து ஒரு வாரம் மூடி வைத்துப் பெருக்குவார்கள். மண்ணுக்குள் போகிற கழிவுக்கு நான் இதைத்தான் சேர்ப்பேன். கையில் அதுவும் இல்லையா? நன்றாகப் புளித்த மோர் ஒரு டம்ளரும் ஒரு கைப்பிடி வெல்லமும் கூடப் பரவாயில்லை. ஆனால் வண்டியில் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற நோயாளி இருந்தால் இந்த உயிருள்ள கரைசல்களை நம்பாதீர்கள், மருந்து சிறுநீரில் வந்து அவற்றைப் பாதிக்கும். சிட்ரிக் ஆசிட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வேலூருக்கு சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறவர்கள் எத்தனை பேர், அதில் சொந்த வண்டியில் நோயாளியைப் படுக்கவைத்து வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கீமோ மருந்து ஏற்றியவர் என்றால் குறைந்தது 2 நாளைக்குத் தொட்டியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஃப்ளஷ் செய்யும்போது மூடியை மூடிக்கொள்ளுங்கள். அதைக் கொல்லைக் குழியில் கொட்டாமல் கழிவறையிலேயே ஊற்றுங்கள்.

ரயில் பெட்டியில் பாக்டீரியா போட்டு பயோ டாய்லெட் வைத்திருக்கிறார்களே, அதே பாக்டீரியாவை வாங்கிப் போட்டால் என்ன என்று என் மைத்துனர் கேட்டார். அங்கே டேங்க் பெரிது, கழிவு உள்ளேயே தங்கிக் கரைய அவகாசம் இருக்கிறது. நாம் இரண்டு நாளைக்கு ஒரு முறை கொட்டிவிடுகிறோம். அதற்குள் எந்தப் பாக்டீரியாவும் எதையும் முழுதாகக் கரைத்துவிட முடியாது.

அதே மைத்துனர் வாஷிங் மெஷின் லிக்விட் கட்சி. மேல்நாட்டில் இது பிரபலம். லேபிளில் என்சைம் என்று போட்டிருக்கும் லிக்விட்டில் 50 மில்லி ஊற்றினால் எல்லாம் வழுக்கி இறங்கும், வாசனையும் இருக்கும். மார்கழி தை மாதக் குளிருக்கு எனக்கும் ஆட்சேபம் இல்லை. கோடையில் ஒரு நாள் கழிந்ததும் அம்மோனியா வாசனையை முந்திவிடும். ஊற்றுவதானால் நுரை குறைவாக வரும் ஃப்ரண்ட் லோட் ரகத்தையே வாங்குங்கள். மைத்துனர் டாப் லோட் லிக்விட்டைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு ஏலகிரி ஏறினார். 14 கொண்டை ஊசி வளைவிலும் தொட்டி குலுங்கியதில், மேலே போய் வண்டியை நிறுத்தியபோது காற்றுத் துளை வழியாக நுரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிட்ரிக் ஆசிட்டோடு இதைச் சேர்ப்பதிலும் பெரிய பயன் இல்லை, அவ்வளவு புளிப்பில் அந்த என்சைம் சரியாக வேலை செய்யாது.

மலைப் பயணத்தில் இன்னொன்று. கீழே மூடிய தொட்டிக்குள் இருக்கிற காற்று, ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போனதும் வெளியே வரத் துடிக்கும். மேலே போய் முதல் ஆள் உட்காருவதற்கு முன், மூடியை மூடிய நிலையில் வால்வை மெதுவாக ஒரு விரல் அளவு இழுத்துக் காற்றை விட்டுவிடுங்கள். உட்கார்ந்துகொண்டு இழுத்தால் தெறிக்கும்.

டேனரிக்காரன் புத்தி போகுமா, கடுக்காய்க் கஷாயத்தையும் ஊற்றிப் பார்த்தேன். கடுக்காயின் டேனின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை வைத்துத்தானே காலம் காலமாகத் தோல் பதனிட்டார்கள். வாடை நிஜமாகவே குறைந்தது. ஆனால் இரும்புச் சத்துள்ள தண்ணீர் பட்டதும் மைக்கறுப்பாக மாறித் தொட்டியெல்லாம் கறை. சிபாரிசு செய்யமாட்டேன்.

இவற்றை ஊற்றவே கூடாது

ஆப்ப சோடாவில் விஷமில்லை, ஆனால் நம் காரியத்துக்கு நேர் எதிரி. புளிப்புக்கு எதிரான காரத்தன்மை இருப்பதால் அம்மோனியாவைக் கிளப்பிவிடும். அதையும் சிட்ரிக் ஆசிட்டையும் ஒன்றாகப் போட்டால் பொங்கி, இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். மூடிய தொட்டியில் அழுத்தம் ஏறும்.

பினாயில், டெட்டால் எல்லாம் செப்டிக் டேங்குக்கு நீலத் திரவம் செய்வதைத்தான் செய்யும். பினாயிலில் உள்ள எண்ணெய் ரப்பரையும் உப்பவைக்கும். ஹார்பிக் போன்ற கழிவறை கிளீனரிலும், தெருவில் விற்கும் மஞ்சள் ஆசிட்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். வால்வின் கம்பி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் அரித்துவிடும்.

பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ மட்டும் கனவிலும் வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் குளோராமின் வாயு, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்க்கும். வேனுக்குள் கதவை மூடிக்கொண்டு செய்கிற காரியம் இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. டேனரி ஆட்களுக்கு இது முதல் நாளே சொல்லித்தரப்படும். தொட்டி பல நாள் மறந்து கிடந்து, உள்ளே கறுத்து அழுகின முட்டை வாடை வந்துவிட்டதா? அப்போது அமிலத்தை ஊற்றாதீர்கள். சல்ஃபைடு உள்ள தண்ணீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமாகக் கிளம்பும். டேனரியில் சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் ஆசிட்டும் கலந்து ஆட்கள் மயங்கி விழுவது இப்படித்தான். வண்டியிலிருந்து தொட்டியை இறக்கி, காற்றோட்டமான இடத்தில் காலி செய்து, வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதன் பிறகே சிட்ரிக் ஆசிட்.

கொட்டுவதும் கழுவுவதும்

மருந்து எதுவானாலும் வேலூர் வெயிலுக்கு இரண்டு நாள்தான் என் எல்லை. தொட்டி முக்கால் நிறைந்தாலே கொட்டிவிடுங்கள். முழுதாக நிறைந்த 20 லிட்டர் தொட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும், படியேறும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

கொட்ட உகந்த இடம் வீட்டுக் கழிவறைதான். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து நேராக ஊற்றலாமே என்று கிளம்பாதீர்கள், அந்த வாயு உயிரை எடுக்கும். இந்தியன் கிளாசெட் என்றால் தொட்டியின் கழுத்தைக் குழிக்கு மிக அருகில் தாழ்த்திப் பிடியுங்கள், உயரத்திலிருந்து ஊற்றினால் கால் நனையும். ஊற்றும்போது காற்று விடும் பட்டனைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். அதை விட்டால் தொட்டி குபுக் குபுக் என்று துப்பும். அழுத்திக்கொண்டிருந்தால் ஒரே சீராகச் சத்தமில்லாமல் இறங்கும். பிறகு 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஆட்டிக் கொட்டுவது, இரண்டாவது தடவை தண்ணீர் தெளிவாக வரும். அப்புறம் அடுத்த தவணை சிட்ரிக் ஆசிட். கையுறையும் பழைய செருப்பும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

வழியில் கொட்ட வேண்டி வந்தால் தங்கும் லாட்ஜில் கேளுங்கள், நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, வாணியம்பாடி டோல்கேட் பக்கம் உள்ள கழிவறைகளிலும் கேட்டுப் பாருங்கள். மறைக்காமல் சொல்லிக் கேட்டால் பலரும் அனுமதிப்பார்கள். கொட்டிய இடத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அங்கே துப்புரவு வேலை பார்ப்பவரிடம் ரூபாயைக் கொடுத்துத் தொட்டியை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் கிடக்கட்டும், உங்கள் வீட்டுத் தொட்டியை இன்னொருவர் ஏன் கழுவ வேண்டும்?

பாலாறு வறண்டுதானே கிடக்கிறது, மணல் உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு: அந்த மணலுக்கடியில் ஓடுகிற தண்ணீரைத்தான் உறைகிணறு போட்டு எடுத்து ஊர்களுக்குக் குடிக்க அனுப்புகிறார்கள். பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக வந்து உட்கார்ந்தது அந்த வழக்கில்தான். அந்தத் தொழிலில் சோறு தின்றவன் நான். இனிமேல் என் கையால் ஒரு சொட்டும் அந்த ஆற்றுக்குப் போகாது. ஏரிக்கரை, மழைநீர்க் கால்வாய் எல்லாமும் இதே கணக்குத்தான். ஜவ்வாது மலையில் காவலூர், ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் நான் தொட்டியை மூடிக் கீழே கொண்டுவந்துவிடுகிறேன். காட்டில் குழி தோண்டுவது இல்லை.

திரவமே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. சொந்த நிலம் இருப்பவர்களுக்குப் பொருந்தும். மூடியுள்ள வாளியில் மலம் மட்டும், சிறுநீர் தனிக் கேனில். திருச்சிப் பக்கம் முசிறியில் இந்த மாதிரி பிரித்தெடுக்கும் கழிவறைகள் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கைப்பிடி தேங்காய் நார்த்தூளோ மரத்தூளோ தூவினால் போதும், ஈரம் போய்விடும், ஈயும் வராது. ஆரணி, களம்பூர் பக்கம் ரைஸ் மில்லில் உமிச் சாம்பல் சும்மா அள்ளிக்கொள்ளலாம், அதுவும் ஆகும். மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோலை இடிக்காமல் போட்டால் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. கொல்லையில் குழியில் போட்டு மண் மூடி ஒரு வருஷத்துக்குக் குறையாமல் விடவேண்டும். பிறகு மரத்துக்குத்தான், கீரைப் பாத்திக்கு வேண்டாம். அந்தக் குழிக்குச் சுண்ணாம்பும் தூவலாம். வண்டித் தொட்டிக்குள் மட்டும் சுண்ணாம்பு போகக் கூடாது, அம்மோனியாவைக் கிளப்பிவிட்டு அடியில் கல்லாகவும் இறுகும்.

ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய், வாசலைன், வண்டி கிரீஸ் எதுவும் தடவாதீர்கள், ரப்பர் உப்பிக் கசிய ஆரம்பிக்கும். ஆர்.ஓ. சர்வீஸ் செய்கிறவர்கள் வாட்டர் ஃபில்டர் வளையத்துக்குத் தடவும் சிலிகான் கிரீஸ் சின்ன டப்பாவாகக் கிடைக்கும். மாதம் ஒரு முறை விரல் நுனியில் எடுத்து வளையம் முழுக்க ஒரு சுற்று தடவினால் வால்வு பிசிறில்லாமல் ஓடும். பயணம் இல்லாத நாளில் மேல் டேங்கையும் காலி செய்து, தொட்டியை நிழலில் காயவைத்து, வால்வைப் பாதி திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் வெயிலில் ரப்பர் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை இழுக்கும்போது கிழிந்துவிடும்.